சூடு பட்டால் பழைய ஞாபகம்!

கல்யாண மண்டபத்தில் தண்ணீர் பாட்டில் கட்டைப் பிரிக்கப் போராடியிருக்கிறீர்களா? பன்னிரண்டு பாட்டில்களை உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கும் அந்த உறையை யாரும் இழுத்துக் கட்டவில்லை, தெரியுமா? தொளதொளவென்று போர்த்தி, அனல் வீசும் ஒரு பெட்டிக்குள் அனுப்பினார்கள். மீதியை அதுவே பார்த்துக்கொண்டது! அதுதான் ஷ்ரிங்க் ஃபிலிம்.

எப்படிச் சுருங்குகிறது? தயாரிக்கும்போதே சூட்டோடு சூடாக இழுத்து, இழுத்த வாக்கிலேயே குளிரவைத்துவிடுகிறார்கள். நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்க வேண்டிய மூலக்கூறுகள், நீட்டிய காலை மடக்க முடியாமல் விறைத்து நிற்கின்றன. மறுபடி சூடு பட்டதோ இல்லையோ, பழைய ஞாபகம் வந்துவிடும்! தொழிலில் இந்தக் குணத்துக்குப் பெயரே 'மெமரி'.

விமான நிலையத்தில் பெட்டிக்குச் சுற்றுகிறார்களே, அது? அது ஸ்ட்ரெட்ச் ஃபிலிம். சூடே வேண்டாம், இழுத்துச் சுற்றினால் ரப்பர் மாதிரி தானே இறுகும். இரண்டும் ஒன்றல்ல!

ஜூஸ் பாட்டிலின் இடுப்பு வளைவோடு ஒட்டிக் கிடக்கும் லேபிளும் ஷ்ரிங்க் ரகம்தான். அதில் படத்தை வேண்டுமென்றே கோணல்மாணலாக அச்சிடுகிறார்கள், தெரியுமா? எந்த இடம் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுத்தை அகட்டி வைப்பார்கள். சுருங்கி முடிந்ததும் மாம்பழம் மாம்பழமாகிவிடும்! எனக்கென்னவோ இதுதான் இருப்பதிலேயே பெரிய வித்தை.

ஷ்ரிங்க் உறையில் ஊசி குத்தினாற்போல ஓட்டைகள் இருக்கின்றனவா? பழுதல்ல, உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் வழி! அது இல்லாவிட்டால் உறை பலூனாக உப்பிவிடும்.

ஃபிலிமின் கனத்தைக் கடையில் கேஜ் கணக்கில் கேட்பார்கள். 'நூறு கேஜ் கொடுங்க' என்றால் சுமார் 25 மைக்ரான் கனம். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குதான்! மின்கம்பிக்கு கேஜ் ஏற ஏறக் கம்பி மெலியும். ஃபிலிமுக்கோ கேஜ் ஏறினால் கனம் ஏறும். எலக்ட்ரீஷியனைக் கடைக்கு அனுப்பாதீர்கள்!

கசக்கினால் சரசரக்கும் எச்.எம். கவரும், சத்தமே போடாத எல்.டி. கவரும் ஒரே பாலிதீன் குடும்பம் என்றால் நம்புவீர்களா?

ஆனால் நாம் கண்ணாடித்தாள் என்கிற செலோஃபேன் பிளாஸ்டிக் குடும்பமே இல்லை! அது மரக்கூழில் பிறந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பெர்கர் செய்ய நினைத்தது, கறை பிடிக்காத மேசை விரிப்பு. துணிமேல் பூசிய பூச்சு ஒட்டாமல் தாளாக உரிந்து வந்துவிட்டது. விரிப்பை மறந்துவிட்டு, உரிந்த தாளைப் பிடித்துக்கொண்டார் மனிதர்!