உங்களுக்குத் தெரியுமா? கேளிக்கைத் திடலில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகள்

நியூயார்க்கின் கடலோர உல்லாசத் தலமான கோனி ஐலண்டில், ராட்டினங்களுக்கும் வேடிக்கைக் கூடங்களுக்கும் நடுவே, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் 1903 முதல் 1943 வரை கட்டணக் காட்சியாக வைக்கப்பட்டிருந்தனர்.

• இன்குபேட்டர் எனப்படும் வெப்பக் காப்புப் பெட்டிகளில் அவர்களை வைத்துப் பராமரித்த மார்ட்டின் கூனி (இவர் மருத்துவப் பட்டம் பெற்றதற்குச் சான்று கிடைக்கவில்லை), பார்வையாளர்கள் செலுத்திய 25 சென்ட் கட்டணத்தைக் கொண்டே செவிலியர் ஊதியம் உள்ளிட்ட செலவுகளை ஈடுகட்டியதால், பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை.

• பெரும்பாலான அமெரிக்க மருத்துவமனைகளில் அக்காலத்தில் இவ்வசதி இல்லாமையால், இக்காட்சியை வெறும் வணிகம் என்று ஒதுக்கிவிடுவது எளிதன்று.

• 1911இல் அங்கிருந்த டிரீம்லேண்ட் பூங்கா தீக்கிரையானபோது, பெட்டிகளிலிருந்த குழந்தைகள் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.