ஆற்றைப் பார்த்துப் பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு பந்தயம் நடக்கிறது. மேற்கே டாஸ்மன் கடலோரம், குமாரா கடற்கரையில் அதிகாலையில் புறப்பட வேண்டும். தீவையே குறுக்காகக் கடந்து, கிழக்கே பசிபிக் கரையில் கிறைஸ்ட்சர்ச் நகரில் முடிக்க வேண்டும். மொத்தம் 243 கிலோமீட்டர். ஓட்டம், சைக்கிள், மலை, ஆறு எல்லாம் உண்டு. ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ என்ற இந்தப் பந்தயத்தை ராபின் ஜட்கின்ஸ் 1983-ல் தொடங்கினார். மல்டிஸ்போர்ட் என்று இன்று பல நாடுகளில் நடக்கும் பந்தயங்களுக்கு இது ஒரு முன்னோடி.

இரண்டு மூன்று மாரத்தான் ஓடி முடித்து, அடுத்து என்ன என்று தேடுகிறவர்களின் கண்ணில் இப்படிப்பட்ட பந்தயங்கள்தான் படும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தூரம். ‘இவ்வளவு தூரம் என்னால் முடியுமா?’ என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். தூரத்தைப் பயிற்சியால் சமாளித்துவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது, பாதையில் உங்களுக்கு அறவே பழக்கமில்லாத பகுதி எது என்பதை. ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் அது அநேகமாகத் தண்ணீராகத்தான் இருக்கும்.

இந்தப் பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து சிறிய ஓட்டம். பிறகு 55 கிலோமீட்டர் சைக்கிள். இங்கே கூட்டமாகச் செல்கிறவர்களோடு ஒட்டிக்கொள்ளாமல் தனியே மாட்டிக்கொண்டால் எதிர்காற்றே ஆளைத் தின்றுவிடும். அடுத்து சுமார் 30 கிலோமீட்டர் மலை ஓட்டம். பெயர்தான் ஓட்டம். டிசெப்ஷன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறைக்குப் பாறை தாவி, ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து, 1,070 மீட்டர் உயரத்திலுள்ள கோட் பாஸ் கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். தார்ச்சாலையில் வேகமாக ஓடிப் பழகியவர்கள் இங்கே காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். அதன்பின் 15 கிலோமீட்டர் சைக்கிள். பிறகு வைமக்கரிரி ஆறு, 70 கிலோமீட்டர் கயாக். கடைசியாக இன்னொரு 70 கிலோமீட்டர் சைக்கிள்.

வைமக்கரிரியின் மேல்பகுதி அகன்ற கூழாங்கல் படுகை. ஆறு பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். எந்தக் கிளையில் தண்ணீர் அதிகம் என்று தூரத்திலிருந்தே கணிக்கத் தெரியாவிட்டால், படகு கல்லில் தட்டி நின்றுவிடும். இறங்கி இழுக்க வேண்டியதுதான். அடுத்து மலையிடுக்கு. இங்கே ஆறு நேராகப் போய்ப் பாறைச் சுவரில் மோதித் திரும்புகிறது. மோதிய தண்ணீர் சுவரையொட்டி மெத்தை போலப் புடைத்து நிற்கும். படகு அந்தச் சுவரை நோக்கி இழுபடும்போது, பழக்கமில்லாதவரின் உடம்பு தானாகவே பாறையை விட்டு விலகிச் சாயும். கவிழ்ப்பது அந்தச் சாய்வுதான். தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்ததும், நீரோட்டம் அதன்மேல் ஏறிப் படகைப் புரட்டிவிடும். செய்ய வேண்டியது நேர்மாறானது. பாறைப் பக்கமே சாய்ந்து, நிறுத்தாமல் துடுப்பு வலிக்க வேண்டும். புடைத்து நிற்கும் அந்தத் தண்ணீரே படகைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. பயம் வரும் நொடியில் பயத்துக்கு எதிர்ப்பக்கம் சாய உடம்பு பழகியிருக்க வேண்டும். அதற்கு ஓடும் ஆற்றில் பல மாதப் பயிற்சி தேவை. இந்தப் பந்தயத்தில் படகு செலுத்துகிறவர்களிடம், இரண்டாம் நிலை நீரோட்டத்தில் படகைக் கையாளத் தெரியும் என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். மிகச் சரியான விதி. இப்படி எதுவும் கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆற்றில் இறக்கிவிடும் பந்தயம் கண்ணில் பட்டால், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படகிலும் ஒரு மயக்கம் உண்டு. நீண்டு ஒடுங்கிய கயாக் வேகமாகப் போகும், ஆனால் சற்று ஆடினாலே சாயும். அகலமான படகு மெதுவாகப் போகும், ஆனால் கவிழாமல் நிற்கும். புதியவருக்கு அகலமானதே வேகமான படகு. ஒருமுறை கவிழ்ந்து, நீந்திக் கரையேறி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, குளிரில் நடுங்கும் கையோடு மறுபடி ஏறி உட்காருவதற்குள் ஒடுங்கிய படகு தந்த லாபமெல்லாம் போய்விடும்.

மல்டிஸ்போர்ட்டில் பாதையை ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார்கள். அட்வென்சர் ரேஸ் வேறு வகை. கையில் வரைபடமும் திசைகாட்டியும்தான், ஜிபிஎஸ் கூடாது. குறித்த புள்ளிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் அணி. சில மணி நேரத்தில் முடிவதும் உண்டு, இரவு பகலாகப் பல நாள் நீள்வதும் உண்டு. ஜெரார்ட் ஃபியூசில் 1989-ல் நியூசிலாந்தில் நடத்திய ‘ரெய்ட் கோலுவாஸ்’ நெடும்பந்தயங்களுக்கு வழிகாட்டியது. 2019-ல் ஃபிஜியில் நடந்த ‘ஈகோ சாலஞ்ச்’ 671 கிலோமீட்டர். அதில் 66 அணிகள் கலந்துகொண்டன. எவரெஸ்ட் ஏறிய இந்திய இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக் இருந்த அணியும் அவற்றில் ஒன்று. நாள்கணக்கான பந்தயத்தில் தூக்கமின்மை காலைவிட முதலில் புத்தியைத்தான் கெடுக்கும். வரைபடம் பார்க்கிறவர் அரைத்தூக்கத்தில் ஒரு ஓடையைத் தவறாகக் கணித்தால் நால்வரும் பல மணி நேரம் அலைய வேண்டியதுதான். அதனால் இங்கே வேகமான கூட்டாளியைவிட, களைத்த நேரத்திலும் எரிந்து விழாத கூட்டாளி மேல்.

வெப்பமண்டலத்துப் பந்தயமென்றால் தண்ணீரில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மலேசியாவின் சபாவில் நடந்த ஈகோ சாலஞ்சில் 26 நாடுகளைச் சேர்ந்த 304 பேர் கலந்துகொண்டார்கள். ஊர் திரும்பியபின் பலருக்குக் காய்ச்சல், தலைவலி, தசைவலி. ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்குரிய அறிகுறிகள். சேகாமா ஆற்றில் நீந்தியதையே முக்கியக் காரணமாகக் கண்டார்கள். டாக்சிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே எடுத்தவர்களுக்குப் பாதுகாப்பு இருந்ததும் தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி காயங்கள் வழியே உடம்புக்குள் போகிறது. முள்ளும் பாறையும் கிழித்த காலோடு ஆற்றில் இறங்குகிறவருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. கோஸ்ட் டு கோஸ்ட்டை ஒன்பது முறை வென்ற ஸ்டீவ் கர்னியே 1994-ல் மலேசியாவில் ஒரு பந்தயத்துக்குப் போய், இதே நோயால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர். அப்படி மீண்டுவந்து 1997 முதல் 2003 வரை தொடர்ந்து வென்றார். அத்தகைய இடத்துக்குப் போகுமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் பந்தயமானாலும் அதன் பழைய முடிவுப் பட்டியலைத் தேடி எடுத்து, அடிப்பகுதியைப் படியுங்கள். கோஸ்ட் டு கோஸ்ட்டை ஒரே நாளில் முடிக்கும் வெற்றியாளர் சுமார் 11 மணி நேரம் எடுப்பார். அது உங்களுக்குப் பயன்படாத எண். கடைசியாக வந்தவர் எவ்வளவு நேரத்தில் வந்தார், பாதியில் எத்தனை பேர் விட்டார்கள், எந்த இடத்தில் விட்டார்கள், ஆற்றில் இறங்க எத்தனை மணிவரை அனுமதி என்பவையே உங்களுக்கு வேண்டியவை. வெள்ளம் வந்தால் மாற்றுப்பாதை என்ன என்றும் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

கோஸ்ட் டு கோஸ்ட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு நாள் பிரிவைத்தான். மலை ஓட்டம் முடிந்ததும் முதல் நாள் முடிந்துவிடும். கிளண்டைக் கார்னரில் கூடாரத்தில் தூங்கி எழுந்து, மறுநாள் ஓய்வெடுத்த தோளோடு ஆற்றில் இறங்கலாம். அதற்கும் துணிவில்லையென்றால், இருவர் அணியாகச் சேர்ந்து படகைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு மலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஆற்றுக்குப் போக அதற்குள் ஒரு பயிற்சியாளரைப் பிடித்துவிடலாம்.