முழங்காலுக்குள் ஒரு பிளாஸ்ரிக் தட்டு

"பத்து வருடம்தானே உழைக்கும், டொக்டர்?" முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இது பழைய கணக்கு. அவுஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2019 இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் 93 வீதமானவை 15 வருடங்களும், 82 வீதமானவை 25 வருடங்களும் மறுபடி மாற்றப்படாமல் உழைத்திருக்கின்றன.

ஆனால் வயதைப் பார்க்க வேண்டும். அதே இதழில் 2017 இல் வந்த பிரித்தானிய ஆய்வில், 70 வயதுக்குப் பின் மாற்றியவர்களுக்கு மறு சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 வீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கோ 35 வீதம் வரை. டுபாயிலும் தோஹாவிலும் இன்னும் வேலையில் இருப்பவர்கள் இந்த வயதினர்தான்.

தேய்வது எது? தொடை எலும்பின் முனையில் உலோகக் கவசம், கீழ்க்கால் எலும்பின் மேல் உலோகத் தட்டம். இரண்டுக்கும் நடுவே, குருத்தெலும்பின் இடத்தில், பொலிஎதிலீன் என்ற பிளாஸ்ரிக் தட்டு. அதிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை உடல் அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. அந்தச் சண்டையில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு தளர்கிறது. தொடக்கத்தில் வலியே இராது. எக்ஸ்றேதான் காட்டிக்கொடுக்கும். நன்றாக நடக்கிறோமே என்று பரிசோதனைக்கு வராமல் விடுபவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

தட்டின் தரமும் ஒரு விடயம். அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம் 2004 முதல் விற்ற முழங்கால் பிளாஸ்ரிக் தட்டுகள் பலவற்றின் பொதியில் ஒட்சிசனைத் தடுக்கும் ஒரு படலம் இல்லாதிருந்தது. காற்றுப்பட்ட பிளாஸ்ரிக் பொருத்துமுன்பே பழுதாகத் தொடங்கி, பின்பு விரைவில் தேயலாம். 2021 இல் தொடங்கிய மீளப்பெறல் 2022 பெப்ரவரியில் விரிவாக்கப்பட்டது. வலியோ வீக்கமோ இல்லாதவர்கள் நன்றாக இயங்கும் மூட்டைக் கழற்றத் தேவையில்லை என்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறியது. பதற்றம் வேண்டாம், கண்காணிப்புப் போதும்.

ஆனால் உங்கள் காலில் இருப்பது எந்த நிறுவனத்தின் மூட்டு என்று உங்களுக்குத் தெரியுமா? நம்மில் பலர் லீவில் போய்ச் சென்னையிலோ கொழும்பிலோ மாற்றிக்கொண்டு திரும்புகிறோம். மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் அந்த ஆஸ்பத்திரிக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. இங்கு வேலை மாறினால் காப்புறுதியும் மாறும், வைத்தியரும் மாறுவார். அந்த ஸ்டிக்கரின் பிரதியையும் முதல் எக்ஸ்றேயையும் கேட்டு வாங்கிக் கடவுச்சீட்டுடன் வையுங்கள். பழைய படம் இருந்தால்தான் புதிய படத்தில் மாற்றம் தெரியும்.

பல வருடம் நன்றாக இருந்த முழங்கால் புதிதாக வலித்தால், வீங்கினால், நடக்கையில் வழுக்குவதுபோல் இருந்தால் எலும்பு நிபுணரிடம் போங்கள். காய்ச்சலுடன் சிவந்து வீங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் அன்ரிபயோற்றிக்கை விழுங்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழங்காலிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்குமுன் மருந்து போட்டால் கிருமி பிடிபடாமல் போய்விடக்கூடும்.