ஓடித் தேய்ந்த ஜீப்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பழைய ஃபோர் வீல் வண்டியை விற்பதா, செப்பனிட்டு வைத்துக்கொள்வதா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது கிலோமீட்டர் கணக்கைத்தான். இரண்டரை லட்சம், மூன்று லட்சம் என்ற எண்ணைக் கண்டதும் வண்டியின் காலம் முடிந்துவிட்டது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுக்க வேண்டியதில்லை. இன்ஜினைப் பிரித்துப் புதிதாக்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். கேள்வியை உண்மையில் முடிவுசெய்பவை சேஸிஸின் நிலை, உதிரிபாகம் கிடைக்கும் வாய்ப்பு, வண்டியின் காகிதங்கள் ஆகிய மூன்றும்தான்.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள பங்காருபேட்டை வட்டாரத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். சென்னை–பெங்களூரு ரயில் பாதையிலிருந்து தங்கவயலின் மாரிக்குப்பத்துக்குக் கிளை பிரியும் சந்திப்பு இது. கிழக்கே ஆந்திர எல்லை, தெற்கே கிருஷ்ணகிரி மாவட்டம், காமசமுத்திரம் பக்கம் யானை இறங்கும் காடு. ஏரிக்கரையும் பாறைக் குன்றும் நிலத்துக்குப் போகும் மண்தடமுமாகக் கிடக்கும் ஊர்களில் ஜீப் வகை வண்டிகள் நெடுங்காலமாக உழைத்துவருகின்றன. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை மும்பையில் பொருத்தத் தொடங்கியது 1947இல். மாருதி ஜிப்ஸி 1985இல் வந்தது, பொலேரோ 2000இல், தார் 2010இல். இந்த வரிசையில் முதல் தார்களே இப்போது பதினைந்து வயதைக் கடந்துவிட்டன.

கிலோமீட்டரைவிட நம்பத்தக்க அளவு ஒன்று தங்கவயல்காரர்களுக்குப் பழக்கமானது. அங்குள்ள பெமல் தொழிற்சாலையில் உருவாகும் புல்டோசர் போன்ற கனரக இயந்திரங்களின் வயதை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. ஓடிய மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். அதே கணக்கை ஜீப்புக்கும் போட்டுப் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டரில் ஓடிய வண்டி மூன்று லட்சத்தைத் தொட 5,000 மணி நேரம் ஆகும். சந்தைத் தெருவிலும் மண்பாதையிலும் 30 கிலோமீட்டர் சராசரியில் ஓடிய வண்டிக்கு அதே மூன்று லட்சம் 10,000 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், ஆனால் ஒன்றின் இன்ஜின் மற்றதைப்போல இருமடங்கு உழைத்திருக்கிறது. கிளட்சும் பிரேக்கும் பட்டது அதைவிட அதிகம். பழைய வண்டிகளின் மீட்டர் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் நின்றுபோவதும், விற்பனைக்கு முன் எண் குறைக்கப்படுவதும் புதிதல்ல என்பதால், அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுப்பது இருவிதத்திலும் தவறாகப் போகலாம்.

சேஸிஸைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வண்டியை ராம்ப்பில் ஏற்றி, பின்பட்டா (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடங்கள், குறுக்குச் சட்டங்கள், பாடி உட்காரும் முனைகள், ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் பகுதி ஆகியவற்றைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு மந்தமாகச் சத்தமிட்டுச் செதில் உதிர்க்கும். மேலே தகடு வைத்து வெல்டிங் செய்த தடம் இருந்தால், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். சேஸிஸில் பொறித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்ணைத்தான். துரு அதை அழித்துவிட்டால், நன்றாக ஓடும் வண்டியும் காகிதத்தில் நின்றுவிடும்.

இந்த விஷயத்தில் கோலார் மாவட்டத்துக்கு ஒரு சாதகம் உண்டு. கடலுக்குத் தொலைவான வறண்ட மேட்டுநிலம் இது, உப்புக்காற்று கிடையாது. இங்கேயே வாழ்ந்த வண்டியின் அடிப்பாகம், சென்னைக் கடற்கரைப் பக்கம் நின்ற அதே வயது வண்டியைவிடப் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆகவே உள்ளூர் ஜீப்பை விற்றுவிட்டு அதைவிடக் குறைந்த வயதுள்ள சென்னை வண்டியை வாங்குவது எப்போதும் முன்னேற்றமாகிவிடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை போன்ற வண்டிகள் காப்பீட்டு ஏலத்தின் வழியாகக் கைமாறி மறுபடி சந்தைக்கு வருவதும் உண்டு. சீட்டுக்கு அடியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடிமுனையில் தெரியும் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த செம்பு ஆகியவற்றைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்.

இன்ஜின் சோதனை அடுத்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வதே சரி. சூடேற்றி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைக்கும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நிற்காமல் வரும் வெண்புகை, தண்ணீர் உள்ளே கசிவதைக் காட்டலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். கம்ப்ரஷன் சோதனை இதை எண்ணில் காட்டிவிடும். சிலிண்டர்கள் எல்லாம் சமமாகச் சற்றே குறைந்திருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அது தனிக்கோளாறு, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

கோலார் பக்கத்து இன்ஜின்களுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று தூசி. தங்கவயலின் சுரங்கக் கழிவுக் குவியல்களான சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் பொடியும் மண்பாதைச் செந்தூசியும் ஏர் ஃபில்டரைத் தாண்டினால் சிலிண்டரை உப்புத்தாள்போல உரசும். ஃபில்டரைத் தட்டித் தட்டியே ஓட்டியவரின் ஒரு லட்சம் கிலோமீட்டர், ஒழுங்காக மாற்றியவரின் மூன்று லட்சத்தைவிட மோசமாக இருக்கலாம். மற்றொன்று போர்வெல் தண்ணீர். ஆயிரம் அடிக்கும் கீழிருந்து வரும் கடின நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்புப் படிவு குழாய்களை அடைக்கும், இன்ஜின் கொதிக்கும், பிறகு ஹெட் கேஸ்கெட் போகும். கூலன்ட் மட்டுமே ஊற்றப்பட்டதா, கைக்கு வந்த தண்ணீரா என்பதை ரேடியேட்டர் மூடிக்குள் படிந்த நிறமே சொல்லிவிடும். இந்த ஒரு பழக்கத்தால் வீணாகும் இன்ஜின்களுக்குக் கிலோமீட்டர் மேல் பழிபோடுவது நியாயமல்ல.

சாதாரண வண்டியில் இல்லாத செலவு ஃபோர் வீல் அமைப்பில் இருக்கிறது: டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸில், கூடுதல் புரப்பெல்லர் ஷாஃப்ட், அதன் கிராஸ்கள், முன்சக்கர ஹப். டிஃபரென்ஷியல் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் ஏரியோ ஓடையோ கடந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் திருகின் காந்தத்தில் மசிபோன்ற இரும்புப் பொடி இருப்பது இயல்பு; சில்லுகள் இருந்தால் கிரவுன் பினியன் பல் போய்க்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் கிங்பின் பேரிங்கையும் பட்டா புஷ்களையும் பார்க்க வேண்டும். இந்த உதறல் பயமுறுத்தும் கோளாறு, ஆனால் பெரிய செலவு வைப்பது அல்ல.

சோதிக்கிறேன் என்று தார்ச்சாலையில் ஃபோர் வீல் கியர் போட்டுத் திருப்புவது மட்டும் கூடாது. இந்த வகை வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே வேக வேறுபாட்டை ஈடுகட்டும் அமைப்பு இல்லை. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் உருள்வதால், வழுக்க இடமில்லாத காய்ந்த தாரில் அந்த முறுக்கம் முழுவதும் கியர்களில் ஏறும். சோதனை மண்ணில்தான் நடக்க வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும்.

ஃபோர் வீல் லீவர் பல வருடமாக அசைக்கப்படாமல் இறுகிப்போயிருந்தால், அதுவே ஒரு பதில். கோலாருக்கும் பெங்களூருக்கும் தார்ச்சாலையில் போய்வருபவருக்கும், மண்பாதை வந்தாலும் காய்ந்த காலத்தில் மட்டும் போகிறவருக்கும் பின்சக்கர பொலேரோவே போதும். ஃபோர் வீல் பெருமைக்கு ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

உதிரிபாகம் பல நேரம் வண்டியின் உடல்நிலையைவிட முக்கியமானது. மகிந்திராவின் பழைய ஜீப்புகளுக்கும் பொலேரோவுக்கும் சிறு ஊர்க் கடைகளிலேயே பொருள் கிடைக்கும். ஜிப்ஸி உற்பத்தி நின்றுவிட்டாலும் ராணுவம் பயன்படுத்திய வண்டி என்பதால் பாகங்களுக்குச் சந்தை இருக்கிறது. ஷெவர்லே இந்தியாவில் விற்பனையை 2017இல் நிறுத்தியது. ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக 2021இல் அறிவித்தது. அந்த நிறுவனங்களின் பெரிய ஃபோர் வீல் வண்டிகள் நல்ல நிலையில் இருந்தாலும், ஒரு எலக்ட்ரானிக் பாகத்துக்காக வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்க நேரலாம். மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் இன்ஜினைத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைப் பட்டறையில் பிரித்துக் கோக்கலாம். காமன் ரெயில் இன்ஜெக்டருக்கு அதற்கான சோதனை இயந்திரம் உள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

காகிதங்களைப் பற்றித் தேவையற்ற அச்சம் நிறைய. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பத்து ஆண்டு டீசல் வண்டிக்குத் தடை என்பது 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லித் தலைநகர் வட்டாரத்துக்கு இட்ட உத்தரவிலிருந்து வந்தது. கர்நாடகத்துக்கு அது பொருந்தாது. ஆனால் கட்டணம் ஏறிவிட்டது. காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கப்பட்டது. இதோடு பசுமை வரியும் சேரும். தவணை தவறினால் மாதக்கணக்கில் அபராதம். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் வருடத்துக்கு 7,897 ரூபாய். வண்டி பழையது என்பதால் இது மாறாது.

பணக்கணக்கில் கர்நாடகத்தின் ஆயுள் வரிதான் பெரிய எடை. பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 17 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ். 15 லட்ச ரூபாய் ஃபோர் வீல் வண்டிக்கு வரி மட்டும் சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம். காப்பீட்டுக் கணக்குப்படி முதல் ஆண்டு முடிவில் மதிப்பு 15 சதவீதம், அதாவது 2 லட்சத்து 25 ஆயிரம் குறைந்திருக்கும். ஆக, முதல் வருடத்திலேயே ஐந்து லட்சம் போய்விடுகிறது, கடன் வட்டி தனி. பழைய வண்டியின் இன்ஜின், கிளட்ச், பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது ஐந்து ஆண்டு உழைத்தால் வருடத்துக்கு 30 ஆயிரம்தான். வண்டி விலையே இரண்டு லட்சம், அதற்கு ஒன்றரை லட்சம் செலவா என்று கேட்பது வழக்கம். விற்கப்போகிறவருக்கு அந்தக் கேள்வி சரி. ஓட்டப்போகிறவர் அந்தச் செலவை ஒப்பிட வேண்டியது மாற்று வண்டியின் வருடச் செலவோடு.

எல்லைப்புறத்தில் இன்னொரு ஆசையும் எழும்: வேறு மாநிலத்துப் பழைய வண்டி. ஓசூர், குப்பம் பக்கத்து வண்டிகளும், தில்லியில் ஓட்டமுடியாமல் தெற்கே வரும் பெரிய டீசல் வண்டிகளும் மலிவாகத் தெரியும். தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்யும்போது, வண்டியின் வயதுக்கேற்பக் கர்நாடக ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேற்று மாநில எண்ணோடு ஓட்டச் சட்டம் இடம்தராது. விற்பவர் சொல்லும் விலையில் இந்த வரி இருக்காது.

புதியதை வாங்கத் தூண்டும் நியாயமான காரணம் பாதுகாப்பு. மாலூர், பங்காருபேட்டை, பேத்தமங்கலம் வழியே செல்லும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது. பட்டா சஸ்பென்ஷனும் டிரம் பிரேக்கும் கொண்ட ஜீப் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலிருந்து. குடும்பத்தோடு வாராவாரம் விரைவுச்சாலையில் போகிறவர் பழைய ஜீப்பில் எவ்வளவு செலவழித்தாலும் இவை வந்து சேராது. அப்படிப்பட்டவர் மாற்றுவதே சரி.

ஆனால் புதிய டீசலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பின் வந்த டீசல் வண்டிகளின் சைலன்சர் வழியில் கரித்துகள் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க நல்ல சூடு வேண்டும்; அதற்குத் தொடர்ச்சியாகச் சற்று வேகமாக ஓட்ட வேண்டும். பங்காருபேட்டைக்கும் தங்கவயலுக்கும் இடையே மட்டும் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் அது அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அத்தகைய ஓட்டத்துக்குப் பெட்ரோல் பொருத்தம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1500 சிசிக்கும் உட்பட்ட டீசல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய இன்ஜின் வண்டிகளுக்கு 40. ஃபோர் வீல் தேவையில்லாமல் சிறிய இன்ஜினே போதும் என்பவருக்கு இந்த வித்தியாசமே பெருந்தொகை.

மாற்றுவதென்று முடிவானால், பதிவுக் காலம் முடியச் சில மாதம் இருக்கும்போது விற்பதைவிட, புதுப்பித்து ஐந்தாண்டுப் பதிவு கையில் இருக்கும்போது விற்பதே நல்ல விலை தரும். சேஸிஸ் போய்விட்ட வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும்; அதைக் காட்டுபவருக்குப் புதிய சொந்த வண்டியின் வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை அளிக்க மத்திய விதி இடம்கொடுக்கிறது. யாருக்கு விற்றாலும் படிவம் 29, 30 கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிற்காமல் ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதைச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.