ஓடும் ரயிலில் ஒரு குதி

தாதரிலிருந்து கல்யாண் போகும் விரைவு லோக்கலில், கூட்டமில்லாத நாள் என்று ஒன்று வாய்த்தால், நடைவழியில் நின்று ஓர் அடி உயரம் குதித்துப் பாருங்கள். எழும்பி இறங்க ஏறத்தாழ அரை விநாடி ஆகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி அதற்குள் 10 மீட்டர் முன்னே போயிருக்கும். ஆனாலும் உங்கள் பாதம் குதித்த இடத்திலேதான் பதியும்.

காரணம், குதிக்கும் முன்பே நீங்களும் அதே 72 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தீர்கள். கால் உந்தியது மேல்நோக்கித்தான். முன்னோக்கிய வேகத்தைப் பறிக்க அங்கே எந்த விசையும் இல்லை. இதுவே நிலைமம். கலிலியோ 1632-இல் கப்பல் அறையை உதாரணமாக்கி இதைத்தான் விளக்கினார். பூமி சுழல்கிறதென்றால் மேலே எறிந்த கல் ஏன் பின்தங்குவதில்லை என்று கேட்டவர்களுக்கு அது பதில். பம்பாய்த் தரையே விநாடிக்குச் சுமார் 440 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. நாம் உணர்கிறோமா என்ன!

நீங்கள் அந்தரத்தில் இருக்கையில் ஓட்டுநர் பிரேக் போட்டால் கதை வேறு. வண்டி வேகம் குறையும், உங்களுடையது குறையாது. சற்று முன்னே தள்ளி இறங்குவீர்கள்.

வண்டிக்குள் நம்மைக் காக்கும் இந்த விதிதான் பிளாட்பாரத்தில் ஆளைக் கவிழ்க்கிறது. எடையுள்ள பொருள் வேகத்தோடு போகும்போது அதற்கு உந்தம் உண்டு. 60 கிலோ மனிதர், மணிக்கு 18 கிலோமீட்டரில் நகரும் வண்டியிலிருந்து காலை வைக்கிறார். பாதத்தைத் தரை பிடித்து நிறுத்திவிடுகிறது. இடுப்புக்கு மேலே உள்ள உடம்போ விநாடிக்கு 5 மீட்டரில் போய்க்கொண்டே இருக்கிறது. வண்டி போகும் திசை பார்த்து இறங்கியவர் நாலடி ஓடி உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கலாம். எதிர்த்திசை பார்த்து இறங்கியவர் மல்லாந்து விழுவார், பின்மண்டையில் அடி. ஓடிச் சமாளிப்பதற்கும் எல்லை உண்டு. 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த உசைன் போல்ட்டின் சராசரி வேகமே மணிக்கு சுமார் 37.6 கிலோமீட்டர்தான்.

சீரான ஓட்டத்தை உடல் உணராததால், வாசலில் நிற்பவருக்கு வண்டி 'மெதுவாகத்தான்' போவதாகத் தோன்றும். சிலர் முதலில் பையை வீசுவார்கள். அந்தப் பைக்கும் உந்தம் உண்டு. உருண்டுபோய் முன்னே நிற்கும் யாராவது ஒரு பாட்டியின் காலை வாரும்.