தோளுக்குள் ஒரு கறுப்பு!

தோள்வலி என்று போகிறீர்கள். டாக்டர் பசையைத் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைக்கிறார். திரையில் உங்களுக்குத் தெரிவது வெறும் மழைமேகம். அவரோ அதில் வழி கண்டுபிடிக்கிறார்! பளிச்சென்ற வெள்ளைக் கோடு, கீழே ஒரே இருட்டு: அது எலும்பு. ஒலி அதைத் தாண்டாது. அதன்மேல் பாவு நூல்போல் நெருங்கிய வெள்ளை இழைகள்தாம் தசையை எலும்போடு கட்டும் தசைநாண். (நாம் 'நரம்பு' என்கிறோமே, பாதி நேரம் இதைத்தான்!)

அடடா, நாணில் ஒரு கறுப்பு! அறுந்துவிட்டதா? கற்றுக்குட்டி அப்படியே எழுதிவிடுவார். காரியம் கத்திவரை போகலாம். தேர்ந்தவர் கருவியைச் சற்றே சாய்ப்பார். ஒலி நாணின்மீது செங்குத்தாக விழாவிட்டால் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். நல்ல நாணும் கறுக்கும். சாய்த்ததும் வெளுத்ததா, பயமில்லை. எப்படிச் சாய்த்தாலும் கறுப்பு நீங்காவிட்டால்தான் சந்தேகம். அப்போதும் நீளவாட்டில் ஒருமுறை, குறுக்குவாட்டில் ஒருமுறை பார்த்த பிறகே பேனாவை எடுப்பார்.