அரங்கு அடைபட்ட காலத்தில் கவிதை

ஒரு நாட்டிற்கு நேரும் துன்பத்தை அந்நாட்டார் தம் மொழியிற் பாடுவர். உலகம் முழுவதற்கும் ஒரே துன்பம் நேருமாயின் அதனைப் பாடுவார் யாவர்? ஒவ்வோர் ஊரும் தன் குரலிலே பாடுதல் வேண்டும் என்பதே வரலாறு தரும் விடை. 1914ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற் போர் மூண்டு பெல்ஜியம் வீழ்ந்தபோது, புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் அந்நாட்டை வாழ்த்திப் பாடினார். எங்கோ நிகழ்ந்த போர், அப்பாட்டினால் தமிழர் செவிக்கு அண்மையில் வந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாத் தொற்றை உலகப் பெருந்தொற்றென அறிவித்தது. அம்மாதம் 20ஆம் நாள் இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆண்டு முடியும் வேளையில் அத்துன்பம் மருதனார்மடத்தின் வாயிலிலே வந்து நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியில் அமைந்தது மருதனார்மடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிற் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியாலும், சுற்றுப்புறத் தோட்டங்களின் விளைபொருள் வந்து குவியும் சந்தையாலும் பெயர்பெற்ற ஊர் அது. 2020 டிசம்பரில் அச்சந்தையில் தொற்றுக் கண்டறியப்பட்டது. சந்தை மூடப்பட்டது, உடுவிற் பகுதியில் நடமாட்டம் தடுக்கப்பட்டது. 'மருதனார்மடம் கொத்தணி' என நாள்தோறும் எண்ணிக்கை கூறினர். கல்விக்கும் காய்கறிக்கும் அடையாளமாய் இருந்த பெயர் நோய்க்கு அடையாளமாயிற்று. அவ்வாறு பெயர் சுமந்த மக்களின் அச்சத்தையும் தனிமையையும் எண்ணிக்கை உரைக்க மாட்டாது. அவற்றை உரைத்தற்குத் தமிழர் வளர்த்த கருவிகளுள் ஒன்று, சபையிற் சொல்லப்படும் கவிதை.

கவியரங்கிலே தலைவர் கவிதையாலேயே ஒவ்வொரு கவிஞரையும் அழைப்பார். அழைக்கப்பட்டவர் பாடுவார். நல்ல அடி வரும்போது அவையினர் மீண்டும் கேட்பர். கவிஞர் திரும்பச் சொல்வார். ஏட்டைப் புரட்டிப் பார்க்க வழியில்லாத செவிக்கு எதுகையும் மோனையும் பிடிகொடுக்கும். திரும்பச் சொல்லுதல் பொருளை நிறுத்தும். மருதனார்மடத்திற்கு அணித்தான அளவெட்டியிற் பிறந்த 'மஹாகவி' உருத்திரமூர்த்தியும் (1927–1971), கவிஞர் முருகையனும் யாப்பு வழுவாமலே பேச்சோசையைக் கவிதைக்குள் கொணர்ந்தனர். பாடுவது கேட்கும் அளவிலே, பக்கத்தில் ஒருவர் பேசுவதுபோல் அது மனத்திற் படிந்தது.

ஆயின் பெருந்தொற்றுக் காலத்தில் அவை கூடுதலே ஆபத்தாயிற்று. உலகெங்குமுள்ள கவிஞரைப்போலத் தமிழ்க் கவிஞரும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் அரங்கு அமைத்தனர். யாழ்ப்பாணத்திற் பிறந்தவரும் கனடாவில் வாழ்பவரும் ஒரே அரங்கில் அமர முடிந்தது ஒரு நன்மை. ஆனால் கேட்போரின் ஒலி அடைக்கப்பட்ட திரையில், 'மீண்டும்' என்னும் குரல் எழவில்லை. முன்னரே, வானொலிக் கவியரங்குகள் காணாத அவைக்குப் பாடும் வழக்கத்தைப் பழக்கியிருந்தன. அப்பழக்கம் இக்காலத்திற்குக் கைகொடுத்தது எனலாம்.

திரையால் ஈடுசெய்ய இயலாத இடமும் ஒன்றுண்டு. அது சாவு வீடு. யாழ்ப்பாணத்துச் சைவர் வீடுகளிற் சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடுவர்; பெண்கள் ஒப்பாரி சொல்வர்; முப்பத்தோராம் நாளிற் 'கல்வெட்டு' என்னும் நினைவுப் பாடலைப் படிப்பர். இறந்தவரின் ஊர், குலம், நற்குணம், இறந்த திதி யாவும் அதில் அமையும். தொற்றினால் இறந்தவரின் உடல் வீட்டிற்கு வாராதபோது இச்சொற்கள் இருப்பிடம் இழந்தன. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, தொற்றினால் இறந்தோரை எரித்தலே இலங்கையிற் சட்டமாயிருந்தது. புதைத்தலை மார்க்கக் கடனாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு அத்துயர் இருமடங்காயிற்று.

கவிதை நோயைத் தீர்க்காது. அதற்கு மருந்தும் தடுப்பூசியும் வேண்டும். நோயுற்றவர் எண் அல்லர், பெயருடையவர் என்பதைச் சபையறியச் சொல்லுதலே அதன் தொழில். கல்வெட்டுப் பாடிய புலவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பணியும் அதுவே. கூட இயலாத நாட்களில் விடுபட்ட நினைவுப் பாடல்களை இன்றேனும் எழுதிப் படித்தல், உயிரோடிருப்போர் தீர்க்க வேண்டிய கடனாகும்.